பி.டி. மாஸ்டரும் பூப்பந்தும்

அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பாலுக்கு மட்டும் தனியாக ஒரு தலைமைப் பயிற்சியாளர் உண்டு. அவருக்கு வேறு வேலை கிடையாது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராட் டெடோ என்பவர் 1942 முதல் 1986 வரை அந்தப் பொறுப்பில் இருந்து 11 முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். சம்பளம் ஆண்டுக்கு 1 டாலர் என்பார்கள். சொந்தமாக லாரி கம்பெனி இருந்தது, ஆகவே கவலையில்லை. (நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், பிரெஞ்சுப் பெயர். பிரெஞ்சு வழியில் படித்த என் வாய்க்கு அது 'தெதோ' என்றுதான் வருகிறது.)

நம் கல்லூரிகளில் கதையே வேறு. 'உடற்கல்வி இயக்குநர்' என்று பலகை இருக்கும். கூப்பிடுவது என்னவோ பி.டி. மாஸ்டர் என்றுதான். கபடி, வாலிபால், ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. ஆண்டு விழாவில் கூட்டத்தை அடக்குவதும், ஸ்டிரைக் என்றால் வாசலில் நிற்பதும் அவர் தலையில்தான் விழும்.

இந்த உத்தியோகமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில்தான் 1891இல் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை மேனேஜராக அழைத்துப் போனவரும் அவரே. 1943இல் காலமானார். நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தான் தமிழ்நாடெங்கும் விசிலோடு மைதானங்களில் இறங்கினார்கள். ஒரு அணியை ஜெயிக்க வைப்பதைவிட எல்லாப் பையன்களையும் ஓட வைப்பதே அவர்கள் படித்து வந்த பாடம். அது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர்கள் வருமுன்பே தஞ்சாவூருக்குச் சொந்தமாக ஓர் ஆட்டம் இருந்தது. பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். 1856 வாக்கில் அரண்மனைக் குடும்பத்தார் ஆடினார்கள் என்று சொல்வது வழக்கம். அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாம் சிவாஜி மகாராஜா 1855இல் காலமானார். ஆண் வாரிசு இல்லை என்று கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ராஜ்யம் போன மறு வருஷம் அரண்மனை முற்றத்தில் பந்து பறந்திருக்கிறது! புனாவில் வெள்ளைக்காரர்கள் பேட்மின்டனுக்கு விதி எழுதியது 1870களில்தான்.

இறகுப்பந்துக்குக் காற்று ஆகாது. கம்பளிப் பந்து நம் வயல்வெளிக் காற்றையும் தாங்கும். பட்டாளை உருட்டிக் கெட்டியான மண் தரையும் இரண்டு கம்பமும் வலையும் போதும். மழைதான் எதிரி, நனைந்தால் பந்து கனத்துவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் நிற்கும், தையில் தொடங்கும். 1954இல் இதற்கென்று அகில இந்தியச் சம்மேளனமே வந்தது.

பி.டி. மாஸ்டர் ஒரே ஆள் என்பதில் ஒரு சங்கடம் உண்டு. அவருக்கு எது பிடிக்கிறதோ அதுதான் மைதானத்தில் நிற்கும். டெல்டாவில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பூப்பந்து மாஸ்டர் ஓய்வு பெற்றார். இரண்டு வருஷம் இடம் காலி. பிறகு வந்தவர் நல்ல மனிதர், ஆனால் கிரிக்கெட்காரர். கம்பம் நட்ட இடத்தில் இப்போது பிட்ச் இருக்கிறது. அவர்மேல் குற்றமில்லை, பையன்களும் அதைத்தான் கேட்டார்கள். காலியிடத்தை இரண்டு வருஷம் நிரப்பாமல் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எந்தக் கல்லூரியிலாவது சாயங்காலம் இன்னும் ஐந்து பேர் ஆட்டம் நடந்தால் சொல்லுங்கள். பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.