ஆவணி இடிமழையும் கார்த்திகை அடைமழையும்: வெந்நீர்த் தொட்டிக்கு எது ஆபத்து?

தாம்பரத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் மேற்கே கறுத்து, இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போவது ஒன்று. வானிலை அறிக்கை இதை வெப்பச்சலன மழை என்கிறது. ஐப்பசி பிறந்தபின் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி இரவு பகலாக ஊற்றும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. முதல் மழை வந்தால் ஊர் பஜ்ஜிக்கு மாவு கரைக்கும். இரண்டாவது வந்தால் முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்கும்.

திறந்தவெளியில் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். ஈ.சி.ஆர். பக்கத்துப் பண்ணை வீட்டிலோ, புறநகர் வில்லாவின் மொட்டைமாடியிலோ ‘ஹாட் டப்’, ‘ஜக்குஸி’ என்ற பெயரில் இருக்கும் அந்தத் தொட்டியில் மழை நேரத்தில் உட்கார ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய மழை, ஊர் ரசிக்கிற அந்த ஆவணி மழை. ஊர் பயப்படுகிற கார்த்திகை மழை, பெரும்பாலும் தொட்டியையும் தண்ணீரையும்தான் கெடுக்கிறது.

ஆவணி மழை பிறக்கிற விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையை இறக்கிவிட்டுக் காய்ந்துபோய் நம் பக்கம் வருகிறது. பகலில் வெயில் 36, 37 டிகிரியைத் தொடுகிறது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நுழைகிறது. சூடான தரைக்கு மேல் அந்த ஈரம் செங்குத்தாக எழும்பி, 12 கிலோமீட்டருக்கும் மேலே போகும் இடிமேகமாகிறது. காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் உருவாகும் மேகத்தை மேற்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வர, தாம்பரத்தில் இருட்டும் நேரத்தில் இடிக்கிறது. தொட்டியில் இறங்க ஆள் தயாராகும் நேரமும் அதுதான்.

இந்த மழையில் மின்னல் முந்திக்கொள்ளும். மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட, இன்னும் ஒரு துளி விழாத இடத்தில், மின்னல் இறங்கியிருக்கிறது. வண்டலூர்ப் பக்கம் மட்டும் கறுத்திருக்கிறது, நம் தலைக்கு மேல் வானம் வெளுப்பாகத்தானே இருக்கிறது என்ற தெம்பு இங்கே உதவாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பதுக்குள் இடி கேட்டால் எழுந்து வீட்டுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பலாம். பல நாடுகளில் நீச்சல் குளங்களில் உயிர்காப்பாளர்கள் கடைப்பிடிக்கும் விதி இது.

வெந்நீர்த் தொட்டிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றுண்டு. ஜெட் மோட்டார் ஓடினால் தொலைவிலிருக்கும் இடி காதில் விழாது. தொட்டிக்குள் எரியும் நீல விளக்கில் தூரத்து மின்னலும் கண்ணில் படாது. குளத்தில் நீந்துகிறவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை, குமிழிக்கு நடுவே கண்ணை மூடிக் கிடப்பவருக்குக் கிடைப்பதில்லை. மேலே பந்தலோ, குடையோ, கண்ணாடிக் கூரையோ இருக்கிறது என்று நம்புவதும் வீண். அவை தூறலைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. கட்டடத்தில் இடிதாங்கி இருந்தால் கட்டடத்துக்கு நல்லது. மொட்டைமாடியில் ஈர உடம்போடு, இரும்புக் கைப்பிடியையும் குழாயையும் தொட்டுக்கொண்டு இருப்பவருக்கு அது காப்பீடு ஆகாது.

ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோமே என்பார்கள். 30 மில்லிஆம்பியர் மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிப்பதற்காகச் செய்த கருவி அது. மின்னலின் ஓட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர். பத்து லட்சம் மடங்கு. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். பெரும்பாலோர் வயலில் நின்றவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். வேறு வழியில்லாமல் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். நாமாகப் போய் அதே இடத்தில் உட்காருவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தயாரித்த ‘தாமினி’ செயலி, 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றுக்குள் மின்னல் வாய்ப்பு இருந்தால் சொல்கிறது. பண்ணை வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் கையில் அது இருந்தாக வேண்டும்.

கார்த்திகை மழைக்கு வருவோம். ஐப்பசியின் முதல் சுற்றில் இடி இருக்கும். அதை ஆவணிக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். பிறகு வரும் தாழ்வு மண்டல மழையில் இடி குறைவு, அளவு அதிகம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள தொட்டியை அன்றைக்குத் திறந்து வைத்திருந்தால் 1,960 லிட்டர் மழைநீர் நேராக அதில் விழுந்திருக்கும். அந்த அளவுத் தொட்டி பிடிப்பதே சுமார் 1,500 லிட்டர்தான். போட்ட குளோரின் எங்கே மிஞ்சும்? ஆவணியில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் விழுவது 200 லிட்டர். ஒரு சோதனைப் பட்டையும் கொஞ்சம் குளோரினும் அதைச் சரிசெய்துவிடும்.

குளோரின் குறைவது இங்கே சின்ன விஷயம் இல்லை. வெந்நீர்த் தொட்டியில் லிட்டருக்கு 3 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். நீச்சல் குளத்துக்கு ஒன்றே போதும். சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும், கிருமியோ சூட்டில்தான் பெருகும். தோலில் சிவந்த கொப்புளம் எழுப்பும் சூடோமோனாஸ், நீராவியோடு நுரையீரலுக்குள் போகும் லெஜியோனெல்லா இரண்டுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் சொர்க்கம். புயல் மழையில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள்; மோட்டாரும் வடிகட்டியும் நின்றுவிடும்; தொட்டி அப்படியே வெதுவெதுப்பாகக் கிடக்கும். ஒரு நாளுக்கு மேல் அப்படி இருந்தால் முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவி நிரப்புவதே சரி. தெருத் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் சேர்ந்துகொள்ளும். நிரப்ப வரும் லாரித் தண்ணீரையும் அந்த வாரத்தில் நம்பக் கூடாது. குளோரின் போட்டுச் சோதித்த பிறகே இறங்க வேண்டும்.

ஆவணியில் பயன்படாத ஆர்.சி.சி.பி. கார்த்திகையில் உயிரைக் காப்பாற்றும். நாள்கணக்கில் ஊறிய சுவரிலும் ஹீட்டர் இணைப்பிலும் கசிவு வருவது இந்த மழையில்தான். மழை வந்தாலே ட்ரிப் ஆகிறது என்று அந்தக் கருவியைக் கழற்றி நேரடியாக இணைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மூரில் இருக்கிறது. இதைவிட மோசமான உதவி இல்லை. ட்ரிப் ஆனால் எங்கோ கசிகிறது என்று பொருள். மின்பணியாளரிடம் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.

சூடு விஷயத்தில் இரண்டு மழைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தொட்டியின் உச்ச வரம்பு 40 டிகிரி. ஜப்பானியர் திறந்தவெளி வெந்நீர்க் குளங்களில் பனி கொட்டும்போதும் உட்காருவார்கள். நமக்கு மார்கழியிலேயே இரவு வெப்பம் 20ஐ ஒட்டித்தான் இருக்கும். நமக்கு 37, 38 தாராளம். தலையில் குளிர்ந்த மழை விழும்போது உடம்பு சூடேறுவது தெரியாமல் நேரம் நீண்டுவிடும். பதினைந்து நிமிடத்தில் மெல்ல எழுந்திருங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், காலடியில் வழுக்குகிற ஈர டைல்ஸ் வேறு. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். மது குடித்தவருக்கு எந்த மழையிலும் இடமில்லை.

ஆக, மழையில் நனைந்தபடி வெந்நீரில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்றால் கார்த்திகைத் தூறலைத் தேர்ந்தெடுங்கள்: இடி இல்லாத நாள், தெருவில் தண்ணீர் தேங்காத நாள், குளோரின் சோதித்த தண்ணீர், வேலை செய்யும் ஆர்.சி.சி.பி. ஆவணி, புரட்டாசி மாலையில் மேற்கே கறுத்தால் தொட்டியை மூடிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.