களைச்செடிப் பூச்சிவிரட்டி

களைச்செடிப் பூச்சிவிரட்டி என்பது, வேற்று நாட்டிலிருந்து வந்து பரவி உள்ளூர்த் தாவரங்களை நெருக்கும் செடிகளின் இலைச்சாற்றைத் தெளித்துப் பயிர்ப்பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் முறை. வரப்பிலும் சாலையோரத்திலும் காசில்லாமல் கிடைக்கும் இலைதான் மூலப்பொருள் என்பதால், சிறு விவசாயிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

இதற்குப் பயன்படுபவற்றுள் முக்கியமானது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கொல்கத்தாவுக்கு வந்து, பறவைகள் பழத்தைத் தின்று விதை பரப்பியதால் நாடெங்கும் காடுகளை அடைத்துக்கொண்டது. இன்னொன்று, மெக்சிகோவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்ற காட்டுச் சூரியகாந்தி. உண்ணி இலையின் நெடிமிக்க எண்ணெய் பூச்சிகளை விரட்டுகிறது. காட்டுச் சூரியகாந்தியிலுள்ள டாகிடினின் என்ற கசப்புப் பொருள் புழுக்களை இலை தின்ன விடாமல் தடுக்கிறது.

வடக்குத் தான்சானியாவின் பீன்ஸ் வயல்களில் இவ்விரண்டும் வேறு சில செடிகளும் சோதிக்கப்பட்டன. 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, சாறு தெளித்த பாத்திகளில் அசுவினியும் வண்டுகளும் குறைந்தன. செயற்கை மருந்தோடு ஒப்பிட்டால், பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் பாதிப்பு குறைவு.

தயாரிப்பு எளிது. இலைகளை நிழலில் காயவைத்து இடித்துப் பொடியாக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பொடியும் ஒரு கிராம் சோப்பும் சேர்த்து, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். தண்ணீரில் எளிதில் கரையாத சத்துகளையும் சோப்பு இழுத்துவிடும். சாறு இலையில் படியவும் உதவும். வெயில் பட்டால் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. வாரம் ஒருமுறை திரும்பவும் தெளிக்க வேண்டும்.

தமிழக இயற்கை விவசாயிகளுக்கு இது புதிதல்ல. ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை என்று பார்த்துப் பறித்து, கோமியத்தில் ஊறவைத்து மூலிகைப் பூச்சிவிரட்டி செய்கிறார்கள். நொச்சி, வேம்பு, எருக்கோடு உண்ணி இலையும் அதில் சேர்வதுண்டு. சேமித்த உருளைக்கிழங்கை அந்துப்பூச்சியிடமிருந்து காக்க, காய்ந்த உண்ணி இலையை மேலே பரப்பும் வழக்கமும் உண்டு.

இயற்கையானது என்பதால் கவனமின்றிக் கையாளக் கூடாது. உண்ணி இலையிலுள்ள லான்டடீன் கால்நடைகளின் கல்லீரலைக் கெடுக்கும். எனவே சக்கையை மாடு எட்டாத இடத்தில் புதைக்க வேண்டும். தெளிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். காயைக் கழுவிய பிறகே சமைக்க வேண்டும்.

மருந்துக்கு ஆகிறதே என்று இச்செடிகளை யாரும் நட்டு வளர்க்கக் கூடாது. ஏற்கெனவே மண்டிக் கிடப்பதை, காய்த்து விதை விடுமுன் வெட்டிப் பயன்படுத்துவதே சரியான முறை.