வீடு கிடைத்தது... நடை தொலைந்தது!

வீடு என்றால் நாலு சுவரும் ஒரு கூரையும் மட்டும்தானா? வேலைக்கு எவ்வளவு தூரம், பிள்ளைகளின் பள்ளிக்கு எவ்வளவு தூரம், இரவில் திரும்பி வரும் வழியில் விளக்கு எரிகிறதா... இதெல்லாம் சேர்ந்ததுதான் வீடு. இந்தப் பாடத்தை சோவியத் ரஷ்யா ஒரு விதமாகப் படித்தது. நம் சென்னை வேறு விதமாகப் படித்தது.

சோவியத்தின் ஐந்து தளங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நகரங்களில் கடும் வீட்டுப் பஞ்சம். ஒரே சமையலறையைப் பல குடும்பங்கள் பங்கு போட்ட காலம் அது. 1957இல் குருஷேவ் அரசு பெரிய வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்தி, ஐந்து தளக் கட்டடங்களை வரிசையாக எழுப்பினார்கள். செலவைக் குறைக்க லிஃப்ட் வைக்கவில்லை.

வீடுகள் சிறியவை, அழகும் குறைவு. ஆனால் ஒன்றைச் சரியாக யோசித்தார்கள். 'மைக்ரோராயோன்' என்ற குடியிருப்புத் தொகுதியின் நடுவில் பள்ளி, மழலையர் பள்ளி, கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், குழந்தை பெரிய சாலையைக் கடக்கக் கூடாது என்பது அதன் விதி.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாயின. ஆனால் படிக்கட்டும் முற்றமும் யாருக்குச் சொந்தம்? குழந்தைகள் விளையாடிய முற்றங்களைக் கார்கள் அடைத்துக்கொண்டன. லிஃப்ட் இல்லாத மாடிகளில் முதியவர்கள் சிறைப்பட்டார்கள். இன்று அந்த நாடுகளில் பல இடங்களில் சாய்தளம், மரம், நடைபாதை என்று திருத்தும் வேலை நடக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் லைனஃபெல்டே நகரில் ஒரு நீண்ட கட்டடத்தின் சில பகுதிகளை வெட்டி எடுத்து, 8 சிறு கட்டடங்களாகவே மாற்றிவிட்டார்கள்!

சென்னையில் நடந்தது

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் முடிந்தவரை குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். மீனவர் கடற்கரையிலேயே இருந்தார், வீட்டு வேலை செய்யும் அம்மா அதே தெருவுக்கு நடந்தே போனார்.

பிறகு நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது. 2000இல் துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகர் உருவானது. வீடுகள் 15,000க்கும் மேல். 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று மக்கள் நகரின் விளிம்புக்குப் போனார்கள். நகரின் நடுவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்!

இங்கேதான் வரவு செலவுக் கணக்கு இடிக்கிறது. வீட்டுக்குத் தரும் பணம் குறைவுதான். ஆனால் பஸ் கட்டணமும் பயண நேரமும் கணக்கில் எழுதாத வாடகை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல உதவி. ஆனால் பயண நேரத்தை யார் திருப்பித் தருவது? விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் பலர் அந்த வேலையையே விட்டார்கள். போதாததற்கு, முகவரியைக் கேட்டவுடன் முகம் சுளித்து வேலை மறுக்கும் அவமானமும் சேர்ந்தது.

2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நல்லதுதான்... ஆனால் எல்லாவற்றுக்கும் நடந்தே போகும் ஏழை மக்களின் குடியிருப்புகளுக்கு அல்லவா அது முதலில் போயிருக்க வேண்டும்?

அடுத்து எந்த ஊர்?

இது சென்னைக் கதை மட்டுமல்ல. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அந்நகரின் கருணாபுரத்தை 2024 ஜூனில் நாடே அறிந்தது, கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது. பலியானவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். கருணாபுரம் ஊருக்கு வெளியே இல்லை. நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரம். அதாவது நகருக்குள்ளேயே இருக்கும் இடம்.

இத்தகைய பகுதிகளுக்கு நல்ல வீடும் வடிகாலும் விளக்கும் கட்டாயம் வேண்டும். அதை அங்கேயே கட்டித் தரலாம். "உங்கள் நல்லதுக்குத்தான்" என்று 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பினால், சென்னை செய்த தவறை இன்னொரு முறை செய்வதாகும்.

வீட்டுக் கணக்கில் சதுர அடியோடு, நடந்து போகும் தூரத்தையும் சேர்த்து எழுதினால் என்ன?