வழுக்கிய வார்

காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் தோல் வாரைக் கவனித்திருப்பீர்கள். வார் தளர்ந்துவிட்டால் கீழே கால் மிதித்துக்கொண்டே இருக்கும்; மேலே ஊசி நின்று நின்று ஓடும். உடனே வாரைக் கழற்றி, ஒரு துண்டு நறுக்கி, கம்பிக் கொக்கியை மறுபடியும் மாட்டுவார்கள். அமெரிக்காவின் பந்தயப் படகுக்காரர்கள் பல ஆண்டுகள் போராடியதும் இதே தொல்லையோடுதான். அவர்களுடைய கப்பி நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றியது என்பதுதான் வேறுபாடு.

படகு எஞ்சினில் வாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எஞ்சின் அதிகத் திறன் தர வேண்டுமானால் அதிக எரிபொருளை எரிக்க வேண்டும்; அதற்கு அதிகக் காற்று வேண்டும். சிலிண்டர் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவியே சூப்பர்சார்ஜர். ‘மிகைக்காற்றூட்டி’ என்று தமிழில் சொல்லலாம். ஆனால் பட்டறையில் யாருக்கும் புரியாது.

இக்கருவியின் பிறப்பு எஞ்சினுக்கும் முந்தியது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் ஊரில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள், தங்கள் ஆலையின் நீர்ச்சக்கரத்தைச் சீர்திருத்த முயன்றார்கள். ஒன்றையொன்று தொடாமல், ஒன்றின் இடுப்பில் மற்றதன் தலை புகுந்து சுழலும் இரண்டு உருளைகளைச் செய்தார்கள். அது தண்ணீரைவிடக் காற்றுக்கே பொருத்தமாக அமைந்தது. 1860-இல் காப்புரிமை பெற்ற இந்த ஊதி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பியது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் எண்ணத்துக்கு ஜெர்மனியில் டெய்ம்லர் காப்புரிமை பெற்றது 1885-இல்.

அடுத்த திருப்பம் 1938. அவ்வாண்டு ஜெனரல் மோட்டார்ஸ் ‘71’ வரிசை டீசல் எஞ்சின்களை வெளியிட்டது. ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம். ஆறு சிலிண்டர் கொண்டது 6-71. இவை இருவீச்சு எஞ்சின்கள். எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்ப ஊதி இல்லாவிட்டால் இவை ஓடவே ஓடா. ஆகவே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ரூட்ஸ் ஊதி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வீரர்களைக் கரையிறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் பலவற்றில் இருந்தது 225 குதிரைத்திறன் கொண்ட இந்த 6-71 தான்.

போர் முடிந்தது. இந்த ஊதிகள் பழைய சாமான் கடைகளுக்கு மலிவாக வந்தன. கலிபோர்னியாவின் வேகப்பித்தர்கள் அவற்றை வாங்கிப் பெட்ரோல் எஞ்சின்களின் தலைமேல் ஏற்றினார்கள். 1940-களின் பிற்பகுதியில் 3-71 ஊதியை ஃபோர்டு எஞ்சினில் பொருத்திய பார்னி நவாரோ முன்னோடிகளில் ஒருவர். காரில் வெற்றி பெற்றது படகுக்கும் போனது. ஆனால் ஒரு சிக்கல். டீசல் எஞ்சினில் ஊதியைச் சுழற்றப் பல்சக்கரங்கள் இருந்தன. பெட்ரோல் எஞ்சினின் மேல் ஏறிய ஊதிக்குப் பல்சக்கரம் ஏது? எனவே வார் வந்தது.

முதலில் வந்தவை வி-வார்கள். ஏன் தட்டை வார் இல்லை என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். 7.5 லிட்டர் எஞ்சின், 6,000 சுற்று, அரை வளிமண்டல மிகையழுத்தம் என்று கொள்வோம். ஊதி வினாடிக்குச் சுமார் 0.56 கனமீட்டர் காற்றைத் தள்ள வேண்டும். அழுத்தத்தை இதனால் பெருக்கினால் 28 கிலோவாட், அதாவது 38 குதிரைத்திறன். கப்பியின் விட்டம் 15 சென்டிமீட்டர் எனில் வாரின் வேகம் வினாடிக்கு 47 மீட்டர். எனவே வாரின் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இடையே சுமார் 600 நியூட்டன் வேறுபாடு வேண்டும்.

வழுக்காமல் இருக்க அந்த இரு இழுவிசைகளின் விகிதம் எவ்வளவு போகலாம் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கணக்கிட்டுவிட்டார். உராய்வுக் கெழு 0.3, வார் கப்பியில் பாதிச் சுற்று படிந்திருக்கிறது என்றால், தட்டை வாருக்கு விகிதம் 2.6, 38 டிகிரிப் பள்ளத்தில் ஆப்புப் போல் இறங்கும் வி-வாருக்கு 18! தட்டை வாரானால் பேரிங்குகள் 1,360 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். வி-வாருக்கு 670 போதும்.

தாளில் இது அழகான வெற்றி. தண்ணீரில் அப்படியில்லை. ஆய்லரின் கணக்கு மெதுவாகச் செல்லும் கயிற்றுக்கானது. வினாடிக்கு 47 மீட்டர் வேகத்தில், மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள வார் வளைந்து திரும்பவே 440 நியூட்டன் இழுவிசை செலவாகிறது. அது கப்பியை அழுத்தாது. அதாவது, மிக வேண்டிய வேகத்தில்தான் வாரின் பிடி மிகக் குறைகிறது. ஒன்றுக்குப் பதில் நான்கு வார் போடலாமே என்றால், நான்கின் நீளமும் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் குட்டையானது சுமக்கும். மற்றவை கூட வரும்.

அதிலும் படகு காரைப் போன்றதன்று. அலையின் உச்சியில் படகு எம்பும்போது விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வருகிறது. சுமை போய் எஞ்சின் சீறுகிறது. மறுகணம் விசிறி தண்ணீரைக் கவ்வ, வேகம் திடீரென இறங்குகிறது. ஊதியின் கனத்த உருளைகளோ நிலைமத்தால் தம் வேகத்திலேயே சுற்ற விரும்பும். நடுவில் அகப்படுவது வார். போதாததற்கு அதன்மேல் தண்ணீரும் தெறிக்கும்.

விடை வந்தது தையல் இயந்திரத்திலிருந்து! மேலே ஊசியும் கீழே கொக்கியும் ஒரு இமைப்பொழுதும் பிசகாமல் சேர்ந்து இயங்க வேண்டும். சிங்கர் இயந்திரத்துக்காக, ஃபிலடெல்ஃபியாவின் கில்மர் நிறுவனப் பொறியாளர் ரிச்சர்டு கேஸ் 1940-களில் பல் வைத்த ரப்பர் வாரை உருவாக்கினார். 1950-களில் வேகப்பித்தர்கள் அதை ஊதிக்கு மாட்டினார்கள். பல் வார் எதுவானாலும் ‘கில்மர்’ என்று சொல்லும் வழக்கம் அவர்களிடையே நிலைத்துவிட்டது.

வழுக்கல் ஒழிந்தது. ஆனால் வழுக்கல் ஒரு பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது! முன்பு வாரின் வழுக்கலில் கரைந்த அதிர்ச்சி இப்போது பற்களுக்குப் போனது. பல் தாங்கினால், கப்பியை அச்சோடு பிணைக்கும் சாவி அறுந்தது. அதற்காகச் சிலர் அச்சில் இரண்டு சாவிகள் வைத்தார்கள். சரிவகப் பல்லின் அடிமூலையில் தகைவு குவிவதைக் கண்டு, 1970-களில் யூனிராயல் நிறுவனம் வளைந்த பல்லைக் கொண்டுவந்தது.

அறுந்த வாரைக் கையில் எடுத்தால் காரணத்தை அதிலேயே படிக்கலாம். ஒரு பக்க ஓரம் மட்டும் நைந்திருந்தால் இரு கப்பிகளும் ஒரே தளத்தில் இல்லை. பற்கள் அடியோடு சிரைந்திருந்தால், தளர்வால் வார் பல் தாவியிருக்கலாம். வி-வாரின் பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்கி வெந்திருக்கிறது. அழுத்தமானியின் முள் உயர்வேகத்தில் ஏறாமல் நின்றதும் அதனால்தான். இவற்றை அறியாமல் புது வாரை மாட்டினால் அடுத்த பந்தயத்தில் அதுவும் அறும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அச்சுக்கும் ஊதிக்கும் இடைவெளி அரை மீட்டர் என்போம். அதில் 30 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு, 20 அலுமினியம். எஞ்சின் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியசுக்குச் சூடேறினால் இந்த இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வளரும். வாருக்கு இரு பக்கம், ஆக 0.8 மில்லிமீட்டர். உள்ளிருக்கும் இழைகளோ எளிதில் நீளா. காலையில் குளிர்ந்த எஞ்சினில் விறைப்பாகக் கட்டிய வார், நடுக்கடலில் இரும்புப் பட்டையாகிப் பேரிங்கைத் தின்னும். எனவே தேர்ந்த மெக்கானிக் கரையில் வாரைச் சற்றுத் தளர்வாகவே விட்டு அனுப்புகிறார்.