லில்லி: தோற்றப் பெயரும் இன உறவும்

நாற்றுப் பண்ணைகளில் மழை லில்லி, சிலந்தி லில்லி, டே லில்லி, பீஸ் லில்லி, கால்லா லில்லி, நீர் லில்லி என்று பல செடிகள் விற்கப்படுகின்றன. லில்லி என்று முறைப்படி சொல்லத்தக்க லிலியம் பேரினத்தில் இவற்றுள் ஒன்றுகூட அடங்காது. நட்சத்திரமீனுக்கு உறவான ஒரு கடல்வாழ் விலங்குக்கும் கடல் லில்லி என்ற பெயர் உண்டு. இப்பெயர் தோற்றத்தைச் சுட்டுகிறதே தவிர இன உறவைச் சுட்டவில்லை என்பதும், நஞ்சும் மருந்தும் பேசப்படும் இடங்களில் அதை மட்டும் நம்புவது ஆபத்து என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இப்பெயர் இவ்வளவு பரவியதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவியலுக்கும் அதில் பங்குண்டு. 1753இல் லின்னேயஸ் வெளியிட்ட ‘ஸ்பீசிஸ் பிளான்டாரம்’ நூலில் லிலியம், செங்காந்தள், டே லில்லி, விஷமூங்கில், பள்ளத்தாக்கு லில்லி ஆகியவை ஒரே பிரிவில் நின்றன. ஆறு மகரந்தத்தாள், ஒரு சூலகத்தண்டு என்பதே அங்கு அளவுகோல். 1862 முதல் 1883 வரை பெந்தமும் ஹூக்கரும் வெளியிட்ட வகைப்பாட்டில் சூற்பையின் இருப்பிடம் முதன்மை பெற்றது: மேல்மட்டச் சூற்பை என்றால் லிலியேசி, கீழ்மட்டம் என்றால் அமரில்லிடேசி. வெங்காயமும் பூண்டும் லில்லிக் குடும்பத்துக்குள் வந்தது இப்படித்தான். ஓர் உறுப்பை மட்டும் பார்த்தால் உறவு இல்லாதவையும் ஒன்றாகத் தெரியும்.

1985இல் டால்கிரனும் உடனாய்வாளர்களும் இப்பெருங்குடும்பத்தைப் பல சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். 1998 முதல் வெளிவந்த ஏ.பி.ஜி. வகைப்பாடு, மரபணுச் சான்றுகளின் துணையோடு அந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. இன்று லிலியேசியில் லிலியம், டூலிப் உள்ளிட்ட ஏறத்தாழ 15 பேரினங்களே எஞ்சியுள்ளன. பள்ளத்தாக்கு லில்லி தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்துக்கும், டே லில்லி சோற்றுக்கற்றாழையின் குடும்பத்துக்கும் போய்விட்டன. கால்லா லில்லியும் பீஸ் லில்லியும் சேம்பின் உறவுகள். அவற்றில் வெள்ளை இதழ்போல் தெரிவது பாளை, உண்மையான பூக்கள் நடுக்கதிரில் நெருங்கியிருக்கும் சிறு மணிகள். நீர் லில்லி எனப்படும் அல்லியோ, ஒருவித்திலைத் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்ட தொன்மையான கிளை.

செங்காந்தளை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆறு பூவிதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலெழுகின்றன, ஓரங்கள் நெளிந்திருக்கும், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இதுவரை சில லிலியம் இனங்களை ஒத்ததே. ஆனால் சூலகத்தண்டு அடியிலேயே செங்கோணமாய் ஒருபக்கம் மடங்கியிருக்கும். இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருளும். மண்ணுக்கடியில் செதில் செதிலான குமிழம் கிடையாது; கலப்பை வடிவக் கிழங்குதான் இருக்கும்.

அந்தக் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், உயிரணுப் பிரிதலைத் தடுக்கும் கொடிய நஞ்சு; அளவோடு தந்தால் கீல்வாத மருந்து. தமிழ்நாட்டு உழவர்கள் செங்காந்தளைப் பயிரிட்டு விதையை விற்பது இதற்காகவே. பள்ளத்தாக்கு லில்லியின் நஞ்சு இதயத்துடிப்பைக் குலைப்பது. பீஸ் லில்லியின் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும். லிலியமும் டே லில்லியும் பூனைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். ‘லில்லியைத் தின்றுவிட்டது’ என்ற செய்தியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது.

அறிவியல் பெயர் இருக்கும்போது வழக்குப் பெயரைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். நஞ்சுண்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர் வாயில் வருவது வழக்குப் பெயர்தான். அந்த வகையில் தமிழ் நல்ல நிலையில் இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் காந்தள் முதலிலும் ஆம்பல் அடுத்தும் வருகின்றன. ஆங்கில வழக்கில் இரண்டும் லில்லிகள், தமிழில் தனித்தனிப் பூக்கள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, ஈழத்தில் கார்த்திகைப்பூ என வழங்கும் பெயர்கள் எல்லாம் ஒரே செடியைக் குறிப்பவை; விஷமூங்கில் என்ற பெயர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறது.

ஆகவே, நம்மிடம் பெயர் உள்ள செடிக்கு லில்லி என்ற ஒட்டு தேவையில்லை. புதிதாய் வந்த செடிகளின் விற்பனை அட்டையில் வணிகப் பெயரோடு பேரினப் பெயரையும் நஞ்சின் தன்மையையும் தமிழில் அச்சிட வேண்டும். லில்லி என்ற பெயரை லிலியத்துக்கே விட்டுவைத்தால், நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் இயற்கையாக வளரும் நம் லில்லியான லிலியம் நீல்கெரென்ஸ் மீதும் உரிய கவனம் திரும்பும்.