சென்னைச் சாந்தும் அதன் சேர்மானங்களும்

கட்டடக் கலையின் வரலாறு பெரும்பாலும் கட்டுவித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லைக் கல்லோடு பிணைத்த சாந்தைப் பற்றியோ, அதனைக் குழைத்த தொழிலாளரைப் பற்றியோ ஏடுகள் அதிகம் கூறுவதில்லை. இவ்வகையில், 1732ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்த சிறு கட்டுரையொன்று கவனத்திற்குரியது. சென்ற் ஹெலினாத் தீவின் ஆளுநராயிருந்த ஐசாக் பைக், சென்னையிற் சிறந்த சாந்து செய்யும் முறையை அதில் விவரித்துள்ளார்.

15 புசல் மணலுடன் 15 புசல் கற்சுண்ணாம்பைச் சேர்த்து, நீர் தெளித்து நீற்றி, இரண்டு மூன்று நாட்கள் கிடக்கவிடுவர். பின்னர் 20 இறாத்தல் வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து நன்கு இடிப்பர். பயறு வகையொன்றைக் கூழாக அவித்து வடித்த நீரும், கடுக்காய் அவித்த நீரும் அடுத்துச் சேர்க்கப்படும். மெருகேற்றும் மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் பயன்பட்டது.

இச்சேர்மானங்களை வெறும் நம்பிக்கையின்பாற்பட்டவை எனத் தள்ளுதல் பொருந்தாது. வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பு நீரிற் கரையுந் திறனை மிகுவிக்கிறது. பயற்றிலும் வெண்கருவிலுமுள்ள புரதங்கள் சாந்துக்குக் குழைவையும் நீர் தாங்கும் இயல்பையும் அளிக்கின்றன. ஆயின், சர்க்கரை அளவு மீறினால் சாந்து இறுகத் தாமதித்து வலிவும் இழக்கும். எனவே, பொருளை அறிதல் மட்டும் போதாது. அளவை அறிதலும் இன்றியமையாததாகும்.

சுண்ணாம்பைக் கையாளுவதிலுள்ள ஆபத்தும் சிறிதன்று. சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், தோலைப் புண்ணாக்கும், கண்ணிற் பட்டாற் பார்வையையே போக்கிவிடவுங் கூடும். சுண்ணாம்புக் களி செய்வோர், நீர் நிறைந்த தொட்டியிற் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடல் வேண்டும். சுண்ணாம்புக் குவியலில் நீரைக் கொட்டலாகாது. கண்காப்பும் கையுறையும் இன்று கட்டாயமானவை. இவையின்றி உழைத்த கொத்தர்களின் அனுபவமே சென்னைச் சாந்தின் அடிப்படையாகும். ஆயினும், ஏட்டில் நிலைத்தது ஆளுநரின் பெயரேயாம்.

1824இல் யோசப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். காலப்போக்கிற் சீமெந்து எங்கும் பரவியது. விரைவில் இறுகும் அப்பொருள் புதிய கட்டடங்களுக்கு ஏற்றதாயினும், பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குத் தீங்கே விளைத்தது. சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்க, உப்புப் பூத்துக் கல்லும் செங்கல்லும் உதிரலாயின. இதனாலேயே தொல்சின்னங்களைப் பேணுவோர் மீண்டுஞ் சுண்ணாம்பை நாடுகின்றனர். பழைய சுவர்களைக் காக்க விழைவோர், சாந்தின் சேர்மானங்களோடு அவற்றின் அளவையும், நீற்றிக் காத்திருக்கும் பொறுமையையும் கொத்தர் மரபிலிருந்தே கற்றல் வேண்டும்.