பாண்டியன் குதிரைக்குக் கிடைக்காத புல்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

நரியைப் பரியாக்கிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு போன மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் அந்தப் பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். அன்று இரவே அவை மறுபடியும் நரிகளாகி ஓடிப்போயின. பக்திக் கதைதான். ஆனாலும் சரித்திரம் படித்தவனுக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பாண்டிய நாட்டுக்குக் குதிரை வெளியிலிருந்துதான் வரவேண்டும், கஜானாப் பொன் அதில் கரைய வேண்டும், வந்த குதிரையும் லாயத்தில் நிலைக்காது.

கடல் வழியாகக் குதிரை வருவது நம் கரைக்குப் புதிதல்ல. காரைக்காலுக்கு வடக்கே இருக்கும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது. அப்போது அரபு, பாரசீக வணிகர்கள் கொல்லம் முதல் நெல்லூர் வரையுள்ள கரையை 'மாபார்' என்றார்கள். நம் காரைக்காலும் அதற்குள் அடக்கம். குதிரைக் கப்பல்களுக்குப் பெயர்போன துறை தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தருகிறார். கீஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாரில் இறக்க வேண்டும் என்று ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். குதிரை செத்துப்போனாலும் விலையை அரசாங்கக் கஜானா கொடுத்துவிட வேண்டும்! இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சில அலுவலகங்கள் ஞாபகம் வருகின்றன. அது போகட்டும்.

ஏறத்தாழ 1292, 93இல் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இன்னும் கடுமையாக எழுதுகிறார். அரசனும் அவனுடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வருடந்தோறும் வாங்குகிறார்களாம். வருட முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியமும் பார்க்கிற ஆள் இல்லை என்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டிவருவதுமில்லை, வேறு யாரும் வராமல் தடுத்தும் விடுகிறார்கள். குதிரை பிழைத்தால் வியாபாரம் படுத்துவிடுமே!

சரி, தீனி என்ன போட்டார்கள்? வேகவைத்த சோறு, வேகவைத்த இறைச்சி என்கிறார் மார்க்கோ போலோ. பச்சை வாற்கோதுமைக்குப் பதில் (கடையில் பார்லி என்று கேட்கிறோமே, அதுதான்) வறுத்த வாற்கோதுமை, நெய் விட்ட தானியம், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வஸ்ஸாஃப். வந்த குதிரையை நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு அந்தப் பலமான குதிரைகள் கொஞ்ச நாளில் மெலிந்து, மந்தமாகி, எதற்கும் உதவாமல் போகுமாம். வஸ்ஸாஃப் இந்தியாவுக்கு வந்தவரல்ல, கேட்டு எழுதியவர். மார்க்கோ போலோவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனாலும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்லும்போது நாம் காது கொடுக்கத்தான் வேண்டும். இரண்டு பட்டியலிலும் பச்சைப் புல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அறுநூறு வருடம் தாண்டி வருவோம். 1922இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பு முதலியவை கலந்த சத்தான தீனி கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாகத்தான் வளர்ந்தன, ஆனால் கரு தங்கவில்லை. லெட்யூஸ் கீரையும் கோதுமை முளையும் கொடுத்ததும் தங்கியது. அந்தப் பச்சையில் இருந்த பொருள்தான் வைட்டமின் ஈ. 1936இல் அதைப் பிரித்தெடுத்து, பிள்ளைப்பேற்றைத் தருவது என்ற பொருள்பட கிரேக்கச் சொற்களால் 'டோகோஃபெரால்' என்று பெயர் வைத்தார்கள்.

குதிரையின் உடம்பு இதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. தீனியில்தான் வரவேண்டும், பச்சைப் புல்லில்தான் அது ஏராளம். புல்லை அறுத்துக் காயவைத்து அடுக்கினால் பெரும்பகுதி போய்விடும். தானியத்தில் இருப்பதே கொஞ்சம், வறுத்தால் அதுவும் குறையும். வெள்ளைச் சோற்றில் அனேகமாக ஒன்றுமில்லை. பச்சையே காணாமல் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் கட்டிப்போட்ட குதிரைக்கு முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்புச் செல்கள் அழியும் நோய் வரலாம். 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதை முதலில் விவரித்தார்கள். நன்றாகத் தின்னும், ஆனால் இளைக்கும். நிற்கும்போது கால் நடுங்கும், பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், தலை தாழும், அடிக்கடி படுத்துக்கொள்ளும்.

பாண்டியன் குதிரைகள் எல்லாம் வைட்டமின் ஈ இல்லாமல்தான் செத்தன என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பில் உள்ள சேமிப்புத் தீரவே பல மாதம் பிடிக்கும். ஒரு வருடத்துக்குள் செத்தவற்றைச் சோறும் இறைச்சியும் தந்த வயிற்று வலியும், கவனிக்காத குளம்பும், வெயிலும், ஈ கடித்துப் பரவும் சர்ரா காய்ச்சலும் கொன்றிருக்கும். (சர்ராவின் கிருமியை 1880இல் கண்டவர் கிரிஃபித் எவன்ஸ். இவர் வேறு எவன்ஸ், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) தப்பிப் பிழைத்த குதிரையும் ஏன் மந்தமாகிப்போனது என்பதற்குத்தான் பச்சையில்லாத லாயம் ஒரு நல்ல காரணமாக எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் குதிரை வளர்க்கும் பழைய மாணவர் ஒருவர். "கொள்ளு, கோதுமைத் தவிடு, வைக்கோல் எல்லாம் வேளை தவறாம போடறேங்க ஐயா, அப்படியும் பின்னங்கால் நடுங்குது" என்றார். இரண்டு வருடமாகக் கொட்டகையிலேயே நிற்கிற குதிரை. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து வைட்டமின் ஈ குறைவு என்று சொல்லியிருக்கிறார். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கிற கேப்சூலையே கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். தம்பி, நான் வைத்தியன் இல்லை. படித்ததை மட்டும் சொல்கிறேன். நல்ல குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 யூனிட் போதும். குறைபாடு உறுதியானால் மருத்துவர்கள் கிலோவுக்கு 10 யூனிட் வரை போவார்கள். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 3,000. செயற்கையாகச் செய்ததைவிட இயற்கை வகை, அதிலும் தண்ணீரில் கலையும்படி செய்தது, ரத்தத்தில் நன்றாக ஏறும். சாதாரண கேப்சூல் என்றால் கொஞ்சம் எண்ணெயோடு கொடுப்பார்கள். சிக்கு வாடை வந்த எண்ணெய் கூடவே கூடாது, அது இருக்கிற வைட்டமினையும் அழித்துவிடும். செலினியம் சேர்ந்த கலவையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அது கொஞ்சம் கூடினாலே நஞ்சு. சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். நரம்பில் விழுந்த சேதம் முழுக்கத் திரும்பாது, மேலும் போகாமல் நிறுத்தலாம். இவ்வளவுக்கும் நடுவில் தினம் ஒரு கட்டுப் பச்சைப் புல்.

அந்தப் புல்தான் நம் பக்கத்தில் சிரமம். காவிரிக் கடைமடையில் மேய்ச்சலுக்கென்று நிலம் ஏது? நீர் ஏறும் இடமெல்லாம் நெல். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கிடைக்கிற அருகம்புல்லை யாராவது உட்கார்ந்து செதுக்கிக்கொண்டு வரவேண்டும். குதிரை மருத்துவ ஏடுகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சை சரஸ்வதி மகாலில் வண்ண ஓவியங்களோடு இருக்கிறது. ஏடு இருந்தது, புல் செதுக்க ஆள் வேண்டாமா?

பிற்காலத்தில் அந்த ஆள் வந்தாள். மார்க்கோ போலோவை ஆங்கிலத்தில் தந்த ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் சேர்ந்து செய்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி 1886இல் வெளிவந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் குதிரை ஒவ்வொன்றுக்கும் குதிரைக்காரரைத் தவிர, புல் கொண்டுவரவே தனியாக ஓர் ஆள் உண்டு என்கிறது அது. வடக்கே அந்த வேலையைச் செய்தவன் ஆண், தெற்கே குதிரைக்காரரின் மனைவி. அவளுக்கு வைட்டமின் தெரியாது. மண்ணை உதறி, வேரோடு அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டாள். பாண்டியன் நெய்யும் பாலும் ஊற்றித் தர முடியாததை அவள் களைக்கொட்டால் செதுக்கித் தந்தாள் என்பது என் கட்சி.

ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் பேரளம் ரயிலுக்குப் போனவர்கள் நம் குடும்பத்தில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். வண்டிக்குள் பாய்க்கு அடியில் மெத்தென்று இருக்குமே, அது புல். சவாரி இறங்கியதும் வண்டிக்காரர் பாயைத் தூக்கி, அந்தப் புல்லையே ஒரு கை உருவிக் குதிரையின் முன்னால் போடுவார்.